ஒரு தடவை சொன்னா மூணு தடவை செய்யும் ஏ.பி.ஐ.

மக்களே, இது கொஞ்சம் பொட்டி தட்டுற விஷயம்தான். ஆனா பிளாக்ஸ்பாட்டை விட்டுட்டு சொந்தமா டொமைன் வாங்கி வெச்சிருக்கிற பதிவர்கள் எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு. அதனால 'டெக்னிக்கல் மொக்கை'ன்னு சொல்லிட்டு ஓடிடாதீங்க. காசு போன கதை. அதுவும் என் காசு இல்ல, அடுத்தவர் காசு.

சிட்னியில படிச்சுக்கிட்டே, பாரமட்டா பக்கம் ஒரு சின்ன வெப் டிசைன் கடையில பகுதி நேரமா வேலை பாக்கறேன். முதலாளி யாழ்ப்பாணத்து அண்ணா. மளிகைக்கடை, புடவைக்கடை, பரதநாட்டிய வகுப்பு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளின்னு நம்மாட்கள்தான் வாடிக்கையாளர்கள். அவங்களோட டொமைன் ஒரு அறுபது எழுபது எங்க பொறுப்புல இருக்கு. ஒரு ரெஜிஸ்ட்ரார்கிட்ட முன்பணம் கட்டி வெச்சிருப்போம். ஒவ்வொரு பேரும் காலாவதி ஆகும்போது அந்தப் பணத்துலேர்ந்து புதுப்பிச்சுக்கணும். எந்த ரெஜிஸ்ட்ரார்னு கேட்காதீங்க, இன்னும் அங்கதான் இருக்கோம்.

இதைக் கையால செஞ்சுக்கிட்டு இருந்தவரைக்கும் ஒரு பிரச்னையும் இல்ல. நான் வந்து 'அண்ணா, இதுக்கெல்லாம் மனுஷன் எதுக்கு, ஏ.பி.ஐ. இருக்கே'ன்னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடும். மூணு நாளுக்குள்ள காலாவதி ஆகப்போற பேரையெல்லாம் எடுக்கும். ஒவ்வொண்ணுக்கும் 'ஒரு வருஷம் புதுப்பி'ன்னு ரெஜிஸ்ட்ராருக்குச் சொல்லும். முப்பது செகண்டுல பதில் வரலைன்னா மறுபடி சொல்லும். மொத்தம் மூணு முயற்சி. எவ்ளோ பொறுப்பான பையன் பாருங்க!

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு ராத்திரி அந்த ரெஜிஸ்ட்ராரோட சர்வர் மந்தமா இருந்திருக்கு. பட்டியல்ல அன்னிக்கு அஞ்சு பேரு: மூணு .காம், ரெண்டு .காம்.ஏயூ. என் ஸ்கிரிப்ட் கேட்டது, பதில் வரல. மறுபடி கேட்டது, வரல. மூணாவது தடவையும் வரல. 'தோல்வி'ன்னு குறிச்சு வெச்சுட்டுத் தூங்கப் போயிடுச்சு. ஆனா அந்தப் பக்கம் மூணு தடவையும் வேலை ஒழுங்கா நடந்திருக்கு. பதில் திரும்பி வர்றதுதான் லேட். விளைவு, மூணு .காமும் தலைக்கு மூணு வருஷம் புதுப்பிச்சாச்சு. முன்பணம் அத்தோட காலி.

காலியானது அன்னிக்குத் தெரியல. மறுநாள் ராத்திரி ஒரு புடவைக்கடையோட .காம் பட்டியலுக்கு வந்தது. 'இருப்பு போதாது'ன்னு பதில். அடுத்த ராத்திரியும் அதே. அதுக்கு அடுத்த ராத்திரியும் அதே. எச்சரிக்கை மின்னஞ்சல் எல்லாம் அண்ணா பாக்கவே பாக்காத ஒரு பழைய முகவரிக்குப் போய்க்கிட்டிருந்தது. தீபாவளி விற்பனை சூடுபிடிக்கிற நேரத்துல கடைத் தளமும் போச்சு, அந்தப் பேருல இருந்த மின்னஞ்சலும் போச்சு. ரெண்டு நாள். வகுப்புல இருக்கும்போது அண்ணாகிட்டேர்ந்து போன்: "தம்பி, என்ன இது? ஒவ்வொண்டுக்கும் மூண்டு தரம் காசு எடுத்திருக்கு! அந்த மனுசி கடையில இருந்து அழுதுகொண்டு எடுக்குது."

இதைச் சொன்னப்போ அறைத்தோழன் ஒருத்தன், 'ரெண்டு வருஷம் கூடுதலா இருந்தா நல்லதுதானேடா, எப்படியும் கட்டப் போற காசுதானே'ன்னான். அவனுக்கு என்ன, சொல்லிட்டான். ஒருத்தர் பேருக்கு ரெண்டு வருஷம் கூடுதலா விழுந்ததுனாலதான் இன்னொருத்தர் பேரு செத்துச்சு. அந்தக் கூடுதல் வருஷத்துக்கான காசை நடன வகுப்புக்காரங்ககிட்ட போய் 'நாங்க தெரியாம கட்டிட்டோம், குடுங்க'ன்னு அண்ணா கேட்க முடியுமா?

சரி, இதுல யார் மேல தப்பு? முதல் தப்பு என்னோடது, ஒத்துக்கறேன். பதில் வரலைங்கறதை வேலை நடக்கலைன்னு எடுத்துக்கிட்டேன். ரெண்டும் ஒண்ணு இல்ல. நம்ம ஊர்ல ரயில் டிக்கெட்டு எடுக்கும்போது பட்டிருப்பீங்களே, வங்கியில பணம் போயிடும், டிக்கெட்டு வராது. திரையில 'ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள், பேக் பட்டனை அழுத்தாதீர்கள்'னு கெஞ்சுவாங்க. அந்தக் கெஞ்சலோட அர்த்தம் என்னன்னா, 'நீங்க ரெண்டு தடவை அழுத்தினா அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழி இல்லை'ங்கறதுதான். வடிவமைப்புல இருக்கிற ஓட்டையை உபயோகிக்கிறவன் விரல் மேல போடறது.

ஊர்ல மளிகைக்கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டு 'ரெண்டு கிலோ அரிசி குடுத்து விடுங்க'ன்னு சொல்றீங்க. பாதியில லைன் கட். காதுல விழுந்துச்சா இல்லையா தெரியாது. மறுபடி போட்டுச் சொன்னா நாலு கிலோ வந்து இறங்கலாம். சொல்லாம விட்டா சோறு இல்லாமப் போகலாம். ஆனா, 'எங்க வீட்டு டப்பா காலியா இருக்கு. காலியா இருந்தா மட்டும் ரெண்டு கிலோ போடச் சொல்லுங்க'ன்னு பையனை அனுப்பச் சொல்லிட்டா? பத்து தடவை போன் பண்ணினாலும் டப்பால ரெண்டு கிலோதான் இருக்கும். ரெண்டாவது தடவை வர்ற பையன் டப்பாவைத் திறந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவான். என் கட்சி மொத்தமும் இந்த டப்பாதான். 'ஒரு வருஷம் கூட்டு'ன்னு கேட்கிற ஏ.பி.ஐ. தப்பான ஏ.பி.ஐ. 'இப்ப இந்தத் தேதியில முடியுது. அப்படி இருந்தா மட்டும் ஒரு வருஷம் கூட்டு'ன்னு கேட்கிறதுதான் சரியானது.

இது நான் கண்டுபிடிச்ச புதுசு ஒண்ணும் இல்ல. கடுப்புல ராத்திரி உட்கார்ந்து தோண்டினப்போதான் தெரிஞ்சது, இந்த டொமைன் உலகத்தோட அடித்தளத்துலயே இது இருக்கு. ரெஜிஸ்ட்ராரும் ரெஜிஸ்ட்ரியும் பேசிக்கிற மொழிக்கு ஈ.பி.பி.ன்னு பேரு. (குழம்பாதீங்க: ரெஜிஸ்ட்ரார்ங்கறவர் நமக்கு விக்கிற கடைக்காரர், ரெஜிஸ்ட்ரிங்கறது.காம் மொத்தத்துக்கும் பேரேடு வெச்சிருக்கிற இடம். .காமுக்கு அது வெரிசைன்.) வெரிசைனைச் சேர்ந்த ஸ்காட் ஹாலன்பெக் எழுதின அந்த நெறிமுறை 2004 மார்ச்சுல ஆர்.எஃப்.சி. 3730, 3731ன்னு வந்தது. 2009ல திருத்தி 5730, 5731ன்னு வெளியிட்டாங்க. அதுல புதுப்பிக்கிற கட்டளைக்கு டொமைன் பேரு மட்டும் குடுத்தாப் பத்தாது. இப்போதைய காலாவதித் தேதியையும் கட்டாயம் குடுக்கணும். எதுக்குன்னு காரணமும் அங்கயே எழுதியிருக்கு: ஒரே கட்டளை திரும்பத் திரும்ப வந்தா எதிர்பாராத விதமா பல தடவை புதுப்பிச்சுடக் கூடாதுன்னு. தேதி பொருந்தலைன்னா ரெஜிஸ்ட்ரி முடியாதுன்னுடும்.

படிச்சதும் எனக்கு வந்த கோபம் இருக்கே! இருபது வருஷத்துக்கு மேல கட்டாயமா இருக்கிற பாதுகாப்பு. அப்புறம் எப்படி எங்க மூணு பேரு மும்மூணு வருஷம் போச்சு?

இங்கதான் நடுவுல இருக்கிற கடைக்காரர் வர்றார். எங்க ரெஜிஸ்ட்ராரோட ஏ.பி.ஐ. நம்மகிட்ட கேட்கிறது ரெண்டே ரெண்டு: பேரு, எத்தனை வருஷம். தேதி கேட்கிறதில்ல. ஆனா ரெஜிஸ்ட்ரி தேதி கேட்குமே? அதுக்கு அவங்க நடுவுலயே ஒரு வேலை பண்ணிடறாங்க: ஒவ்வொரு தடவையும் இப்போதைய தேதி என்னன்னு தாங்களே எடுத்து, அதையே கட்டளையில போட்டு அனுப்பிடறாங்க. முதல் தடவை பழைய தேதி, அடுத்த தடவை புதுத் தேதி, அதுக்கடுத்து அதைவிடப் புதுத் தேதி. ஒவ்வொரு தடவையும் பொருந்தாம எங்க போகும்? காவல்காரன் கேட்கிற ரகசியச் சொல்லை அவன்கிட்டயே கேட்டு அவன்கிட்டயே திருப்பிச் சொல்ற கதை. (உள்ளே இருக்கிற கோடை நான் பாக்கல. ஆனா ரெஜிஸ்ட்ரி மூணு தடவையும் ஒத்துக்கிட்டிருக்குன்னா வேற எப்படி?) எல்லா .காமுக்கும் அதிகபட்சம் பத்து வருஷம்தான் எடுத்து வைக்கலாம்னு விதி இருக்கு. என் லூப் விடிய விடிய ஓடியிருந்தாலும் பத்து வருஷத்துல நின்னிருக்கும். என்ன ஒரு ஆறுதல் :-)

எல்லாரும் இப்படி இல்ல. டூகோஸோட ஓப்பன்எஸ்ஆர்எஸ், புதுப்பிக்கும்போது இப்போதைய காலாவதி வருஷத்தைக் கேட்கும். மும்பை டைரக்டி ஆரம்பிச்ச ரீசெல்லர்கிளப்போட ஏ.பி.ஐ. காலாவதித் தேதியையே கேட்கும். நம்ம பதிவர்கள்ல ரீசெல்லர் கணக்கு வெச்சிருந்த சில பேருக்கு ஞாபகம் இருக்கலாம். அமேசானோட ரூட் 53யும் காலாவதி வருஷத்தைக் கேட்டு, பொருந்தினாத்தான் செய்யும். வருஷம் மட்டும் போதுமான்னு எனக்கும் முதல்ல சந்தேகம். போதும், புதுப்பித்தல் முழு வருஷக் கணக்குலதான் கூடும், அதனால ஒரு தடவை நடந்தாலே வருஷம் மாறிடும். ஆக, ஒரே ஒரு கூடுதல் கட்டம். இதைச் சேர்க்கறதுல என்ன கஷ்டம்? 'வாடிக்கையாளருக்கு எளிமையா இருக்கணும்'னு சொல்வாங்க. எளிமைதான். பள்ளத்துல விழறதும் எளிமைதான்.

இப்ப அந்த ரெண்டு .காம்.ஏயூ கதைக்கு வரேன். அதே ராத்திரி, அதே ஸ்கிரிப்ட், அதே மந்தமான சர்வர். அதுங்க ரெண்டும் ஒரே ஒரு தடவைதான் புதுப்பிச்சிருந்தது. எப்படின்னு பாத்தா, நான் சமத்தா எழுதினதால இல்ல. ஆஸ்திரேலிய டொமைன்களை ஆளுற ஆடா அமைப்போட விதி அப்படி: காலாவதிக்கு 90 நாள் முன்னாடியிலேர்ந்துதான் புதுப்பிக்கலாம். அதுக்கு முன்னாடி முடியாது. ஒரு தடவை புதுப்பிச்சதும் காலாவதி ஒரு வருஷத்துக்கு மேல தள்ளிப் போயிடுது, ஜன்னல் சாத்தியாச்சு. ரெண்டாவது கட்டளை வந்தா 'இன்னும் நேரம் வரல'. ஈ.பி.பி.யில இதுக்குன்னே 2105ன்னு ஒரு பதில் எண் இருக்கு, 'புதுப்பிக்கத் தகுதியில்லை'ன்னு. இந்த 90 நாள் விதியை முன்னாடி நானே திட்டியிருக்கேன். 'காசு நான் கட்டறேன், எப்ப கட்டினா இவங்களுக்கு என்ன'ன்னு. இப்ப கையெடுத்துக் கும்பிடறேன். இரட்டைப் புதுப்பித்தலைத் தடுக்கத்தான் அந்த விதி வந்ததுன்னு நான் சொல்லல, ஆனா தடுக்குது.

.காம்ல ஜன்னலும் இல்ல, எங்க கடைக்காரர் தேதியும் கேட்கல. சரி, தப்பு நடந்துடுச்சு, திரும்ப வாங்கலாமேன்னா, இங்கதான் ஆப்பு. .காமுக்குப் புதுப்பிச்ச அஞ்சு நாளுக்குள்ள சலுகைக் காலம்னு ஒண்ணு இருக்கு. கேட்டதும் சந்தோஷமாயிட்டேன். முழுசா படிச்சதும் காத்து போயிடுச்சு. அந்த அஞ்சு நாளுக்குள்ள அந்தப் பேரை *அழிச்சா* ரெஜிஸ்ட்ராருக்குப் பணம் திரும்பும். கூட்டின வருஷத்தை மட்டும் கழிக்கிற கட்டளை ஈ.பி.பி.யிலயே கிடையாது. அழிச்சா அந்தப் பேரு 30 நாள் மீட்புக் காலத்துக்குப் போகும், தளம் நிக்கும், திரும்ப எடுக்க தனிக் கட்டணம். பரதநாட்டிய வகுப்புக்கு ரெண்டு வருஷக் காசை மிச்சம் பிடிக்க அவங்க பேரையே பலி குடுக்கறதா? ரெஜிஸ்ட்ராரோட உதவி மையத்துல 'வருஷம் உங்க கணக்குலதான் இருக்கு, நஷ்டம் இல்லை'ன்னு பதில் அனுப்பினாங்க. அவங்க வேணும்னே பண்றாங்கன்னு நான் சொல்லல. ஆனா இந்தத் தப்பு நடந்தா அவங்களுக்கு ஒரு செலவும் இல்ல, வரவுதான். திருத்துறதுக்கு அவசரம் எங்கேர்ந்து வரும்?

மறந்து போய் காலாவதி ஆன கதைன்னா உலகமே பேசும். 1999 கிறிஸ்துமஸ் சமயத்துல மைக்ரோசாஃப்ட் பாஸ்போர்ட்.காமைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலுக்குள்ள போக முடியாம ஜனங்க தவிச்சாங்க. மைக்கேல் சேனின்னு ஒரு லினக்ஸ் புரோகிராமர் தன் கிரெடிட் கார்டுல 35 டாலர் கட்டிச் சரி பண்ணினார். இன்னிக்கும் சொல்றோம். ரெண்டு தடவை கட்டினவன் கதையை எந்தப் பேப்பர்ல போட்டாங்க? அவன் வாயை மூடிக்கிட்டு 'சரி, அடுத்த வருஷம் கட்ட வேண்டாம்'னு மனசைத் தேத்திக்குவான். அதனாலதான் இது சரியாகாமலே கிடக்கு.

'தேதி எதுக்கு, தனி எண் போதுமே'ன்னு வகுப்புல ஒருத்தர் வாதம் பண்ணினார். ஸ்ட்ரைப் மாதிரி பணப் பரிமாற்ற நிறுவனங்கள்ல அப்படித்தான்: ஒவ்வொரு கோரிக்கைக்கும் நாமளே ஒரு தனி எண் குடுக்கணும், அதே எண் மறுபடி வந்தா வேலையை மறுபடி செய்யாம முதல் தடவை குடுத்த பதிலையே குடுத்துடுவாங்க. அருமையான ஏற்பாடு. ஆனா டொமைனுக்கு அது பாதிப் பாதுகாப்புதான்னு நினைக்கறேன். என் ஸ்கிரிப்ட் தன்னையே ரெண்டு தடவை கூப்பிட்டா அந்த எண் காப்பாத்தும். ராத்திரி ஸ்கிரிப்ட் ஓடி முடிச்சு, காலையில அண்ணி கணக்குப் பாக்கும்போது 'இது இன்னும் கட்டல போல'ன்னு ரெஜிஸ்ட்ரார் பக்கத்துல போய் பட்டனை அழுத்தினா? அது வேற கோரிக்கை, வேற எண். காப்பாத்தாது. (இது கற்பனை இல்ல. ஒரு தடவை நடந்திருக்கு.) தேதி கேட்டா ரெண்டு பேரையும் தடுக்கும், ஏன்னா அது யார் கேட்டாங்கன்னு பாக்கறதில்ல, டப்பா காலியான்னுதான் பாக்குது. ஈ.பி.பி.யிலயும் கோரிக்கைக்கு ஒரு அடையாள எண் உண்டு. அதைப் பாத்து ஏமாறாதீங்க, அது பின்னாடி தேடிப் பாக்கத்தானே தவிர, இரட்டிப்பைத் தடுக்க இல்ல.

தேதியை நம்பினதுலயும் நான் ஒரு தடவை மண்ணைக் கவ்வினேன், அதையும் சொல்லிடறேன். சோதனைக்காக தேதி கேட்கிற வேற ஒரு ரெஜிஸ்ட்ரார்கிட்ட ரெண்டு பேரை மாத்தினோம். புது ஸ்கிரிப்ட் எழுதினேன்: தேதி பொருந்தலைன்னு நிராகரிச்சா, 'ஏற்கனவே புதுப்பிச்சாச்சு போல'ன்னு எடுத்துக்கிட்டு வெற்றின்னு குறிச்சுடும். புத்திசாலித்தனம்! முதல் நாளே நிராகரிப்பு, முதல் நாளே 'வெற்றி'. ஏதோ உறுத்தி, போய்ப் பாத்தா ஒண்ணும் புதுப்பிக்கல. காரணம் சிட்னி. ரெஜிஸ்ட்ரி கணக்கு எல்லாம் யூ.டி.சி. நேரம். நாங்க அதுக்குப் பத்து மணி நேரம் முன்னாடி, கோடையில பதினொண்ணு. அங்க 10ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் காலாவதின்னா எங்களுக்கு அது 11ஆம் தேதி விடிகாலை. என் ஸ்கிரிப்ட் அதை உள்ளூர் நேரமா மாத்தி 11னு அனுப்பியிருக்கு. ரெஜிஸ்ட்ரி 10னு வெச்சிருக்கு. சென்னையில உட்கார்ந்து எழுதினாலும் இதே அடி விழும், அஞ்சரை மணி நேரம்ங்கறதால கொஞ்சம் கம்மியா விழும், அவ்ளோதான். வந்த தேதியைத் தொடாம அப்படியே திருப்பி அனுப்பணும். நிராகரிப்பு வந்தா நல்ல செய்தியா இருக்கலாம், கெட்ட செய்தியாவும் இருக்கலாம். போய்ப் பாக்காம முடிவு பண்ணக் கூடாது.

இன்னொரு குழியும் இருக்கு. .காம் பேரு காலாவதி ஆன உடனே ரெஜிஸ்ட்ரி தானாவே ஒரு வருஷம் கூட்டி வெச்சுடும். ரெஜிஸ்ட்ராருக்கு 45 நாள் வரைக்கும் அவகாசம். வாடிக்கையாளர் காசு கட்டலைன்னா அதுக்குள்ள அழிச்சு பணத்தைத் திரும்ப வாங்கிக்கலாம். அதனால காலாவதிக்கு மறுநாள் ரெஜிஸ்ட்ரியில பாத்தா அடுத்த வருஷத் தேதி காட்டும். 'ஹை, புதுப்பிச்சாச்சு'ன்னு நினைச்சுடக் கூடாது, காசு கட்டல. அதே சமயம் அப்போ ஒரு புதுப்பித்தல் கட்டளை நேரா ரெஜிஸ்ட்ரிக்குப் போச்சுன்னா ரெண்டு வருஷம் ஆயிடும். நல்ல ரெஜிஸ்ட்ரார்கள் இதை உள்ளுக்குள்ள சமாளிப்பாங்க. நான் அதை நம்பறதை விட்டுட்டேன். காலாவதிக்கு மூணு நாள் முன்னாடின்னு இருந்ததை இப்ப முப்பது நாள்னு மாத்தியாச்சு. அந்த எல்லைப் பக்கமே போறதில்ல.

இப்ப எங்க ஸ்கிரிப்ட் என்ன பண்ணுதுன்னா, கட்டளை அனுப்பறதுக்கு முன்னாடி எங்க டேட்டாபேஸ்ல ஒரு வரி எழுதும்: இந்தப் பேரு, இப்போ முடியற தேதி இது, ஆக வேண்டிய தேதி இது. ஒரே பேருக்கும் ஒரே பழைய தேதிக்கும் ரெண்டு வரி எழுத டேட்டாபேஸே விடாது. கிரான் தப்பித்தவறி ரெண்டு ஓடினாலும் ஒண்ணு வாசல்லயே நின்னுடும். அப்புறம் கட்டளை. பதில் வரலைன்னா மறுபடி கட்டளை கிடையாது. 'இப்ப தேதி என்ன'ன்னு கேள்விதான் கேட்கும். கேள்வியை நூறு தடவை கேட்டாலும் காசு போகாது. தேதி மாறியிருந்தா முடிஞ்சது. மாறலைன்னாலும் அவசரப்படாது, ஏன்னா நம்ம கட்டளை அவங்க வரிசையில இன்னும் நின்னுக்கிட்டு இருக்கலாம். ஒரு மணி நேரம் விட்டுக் கேட்கும். அப்பவும் மாறலைன்னா, தேதி கேட்கிற ரெஜிஸ்ட்ரார்னா அதே பழைய தேதியோட மறுபடி அனுப்பும். தேதி கேட்காத நம்ம பழைய புண்ணியவானா இருந்தா என் போனுக்கு ஒரு செய்தி அனுப்பிட்டு நின்னுடும். அங்க மனுஷன்தான் பாக்கணும். கேட்கறதுக்கும் கட்டளைக்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளியை நம்ம பக்கத்துலேர்ந்து எவ்ளோ கெட்டிக்காரத்தனம் பண்ணினாலும் அடைக்க முடியாது. பேரேடு யார்கிட்ட இருக்கோ அவங்கதான் அடைக்கணும்.

கோடு எழுதாத பதிவர்கள் கேட்பீங்க, எங்களுக்கு என்னய்யான்னு. உங்க டொமைனுக்குத் தானியங்கிப் புதுப்பித்தல் போட்டிருந்தீங்கன்னா, 'எதுக்கும் இருக்கட்டும்'னு கையாலயும் போய்க் கட்டாதீங்க. ரெண்டும் ஒரே வாரத்துல மோதிக்கும். கையால கட்டறீங்கன்னா, பக்கம் பாதியில தொங்கினா மறுபடி அழுத்தாம, வெளியில வந்து காலாவதித் தேதியை மட்டும் பாருங்க. பாக்கத் தெரியறதுக்கு, இப்ப என்ன தேதின்னு முன்னாடியே எங்கயாவது எழுதி வெச்சிருக்கணும்.

புடவைக்கடை அக்காவுக்கு அந்த வருஷப் புதுப்பித்தலையும் ஹோஸ்டிங்கையும் அண்ணா தன் செலவுல போட்டுக் குடுத்தார். நான் என் ரெண்டு வாரச் சம்பளத்தை எடுத்துக்கச் சொன்னேன். "விசரே உனக்கு, போய்ப் படி" அப்படின்னுட்டார். மூணு டொமைன்காரங்களுக்கும் அடுத்த ரெண்டு வருஷம் பில் அனுப்பக் கூடாதுன்னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்கோம்.

பழைய ரெஜிஸ்ட்ராருக்கு போன வாரம் ஒரு நீளமான கடிதம் எழுதினேன், ஆர்.எஃப்.சி. எண்ணெல்லாம் போட்டு. இப்போதைய காலாவதித் தேதின்னு விருப்பப்பட்டவங்க மட்டும் நிரப்பற மாதிரி ஒரு கட்டம் சேருங்க, பழைய ஸ்கிரிப்ட் எதுவும் உடையாதுன்னு. அனுப்பின அஞ்சு நிமிஷத்துல 'உங்கள் கோரிக்கை கிடைத்தது'ன்னு பதில் வந்தது. ரெண்டு தடவை. ரெண்டு வேற வேற டிக்கெட் எண்ணோட.